தானாக எழும் கைப்பிடி

ஹுன்னஸ்கிரிய கடைத்தெருவைத் தாண்டி, கண்டி–மகியங்கனை வீதி மறுபடி வளையத் தொடங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கராஜ் இருக்கிறது. மேலே நக்கிள்ஸ் மலைத்தொடரின் மூடுபனி. பின்னால், தெல்தெனியப் பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கம். முன்னால் போனால் மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு. ஏறி வரும் லொறிக்கு எஞ்சின் கொதிக்கும், இறங்கிப் போகும் லொறிக்கு பிரேக் கொதிக்கும். இந்த வீதியில் கராஜ் வைத்திருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

மழைக்கு ஒதுங்கிய ஒரு பின்னேரம் அங்கே ஒரு லொறியின் எஞ்சினைக் கழற்றித் தூக்கியிருந்தார்கள். கியர்பொக்ஸோடு சேர்த்து அரைத் தொன் இருக்கும். நான்கு சில்லுள்ள சிறிய கை கிரேன், அதன் நீண்ட கை, கை நுனியில் கொக்கி, கொக்கியில் சங்கிலி, சங்கிலியில் எஞ்சின். கிரேனின் கையை உயர்த்திப் பிடித்திருந்தது கீழே சாய்வாகப் பொருத்திய ஒரு ஜெக். தமிழ்நாட்டு வாசகருக்கு அது ஜாக்கி.

தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் எஞ்சின் அரை விரற்கடை அளவு இறங்கியிருந்தது. யாரும் தொடவில்லை. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஜெக்கின் உடம்பிலும் கசிவு இல்லை. எண்ணெய் வெளியே வரவில்லை என்றால் பாரம் எப்படி இறங்கும்?

“சீல் போயிருச்சா பாஸ்?” என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வியாதி அதுதான்.

“சீல் இல்ல சேர். உள்ளுக்கு இருக்கிற கோலியில என்னமோ சிக்கியிருக்கு. கைப்பிடியப் பாருங்க” என்றார் அவர். (கைத்தொழில் தெரிந்த எவரும் இலங்கையில் பாஸ்தான், ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்களில் ஒன்று.)

ஜெக்கை அடிக்கும் இரும்புக் கைப்பிடியை அவர் கடைசியாகக் கீழே அழுத்தி விட்டுத்தான் போயிருந்தார். இப்போது அது மேலே நின்றது. எஞ்சின் இறங்க இறங்க, யாரோ கண்ணுக்குத் தெரியாதவர் தூக்குவதுபோல் கைப்பிடி எழுந்திருக்கிறது. ஓர் ஆணியைக்கூடக் கழற்றாமல் அவர் நோயைச் சொல்லிவிட்டார். கையில் நாடி பார்த்துச் சொல்லும் வைத்தியர் மாதிரி. அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஜெக்கின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இரண்டு உருளைகள்: ஒன்று விரல் தடிப்பு, மற்றது மணிக்கட்டுத் தடிப்பு. ஒவ்வொன்றிலும் இறுக்கமாக ஏறி இறங்கும் ஓர் இரும்புத் தண்டு. ஆங்கிலத்தில் பிஸ்டன் என்பதை எங்கள் பாடநூல்கள் முசலம் என்று எழுதின. முசலம் என்றால் உலக்கை. படிக்கிற காலத்தில் சிரித்தோம். இப்போது நினைத்தால், உருளைக்குள் ஏறி இறங்கும் தண்டுக்கு உலக்கையைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது கடினம். சின்ன உலக்கையைக் கைப்பிடி அடிக்கிறது. பெரிய உலக்கை பாரத்தைத் தூக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் எண்ணெய். ‘நீரியல் ஜெக்’ என்று புத்தகம் சொன்னாலும் உள்ளே நீர் துளியும் இல்லை. இருந்தால் அதுவே ஒரு வியாதி. அதைப் பிறகு பார்க்கலாம்.

எண்ணெய் என்ன செய்கிறது? இடியாப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். மாவை மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே அழுத்துகிறோம். ஆனால் உரலின் பக்கவாட்டில் ஓர் ஓட்டை விழுந்திருந்தால் மாவு அந்த வழியாலும் பிதுங்கும். பிடி தளர்ந்த பழைய உரலில் மேல்நோக்கியும் ஏறி வரும். அழுத்தியது ஒரு திசையில், மாவு தள்ளுவது எல்லாத் திசையிலும். மாவு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். திரவத்துக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லா மூலைக்கும் போய்ச் சேரும். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிலோ என்ற அந்தக் கணக்கைத் தமிழ்நாட்டில் அழுத்தம் என்பார்கள், இலங்கைப் பாடநூலில் அமுக்கம். நான் படித்த சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

இதைத் தெளிவாக எழுதி வைத்தவர் பிரான்சின் பிளேஸ் பஸ்கால். அவர் 1662இல் இறந்தார். திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டு அச்சேறியது. நீர் நிறைந்த பாத்திரத்தில் இரண்டு துவாரங்கள், ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரியது, இரண்டிலும் கச்சிதமான முசலங்கள் என்று வைத்துக்கொண்டால், சின்னதை அழுத்தும் ஒருவர் பெரியதை அழுத்தும் நூறு பேருக்கு ஈடு கொடுப்பார் என்று அதில் காட்டியிருந்தார். நம்முடைய ஜெக் அதேதான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு எடுத்த அளவுகள், ஆனால் கராஜில் காணும் ஜெக்கிலிருந்து அதிகம் விலகாதவை. சின்ன முசலத்தின் விட்டம் 1 சென்ரிமீற்றர், பெரியதன் விட்டம் 4 சென்ரிமீற்றர். விட்டம் நான்கு மடங்கு என்றால் பரப்பு பதினாறு மடங்கு. கைப்பிடி தானும் ஒரு நெம்புகோல். அது 15 மடங்கு பெருக்குகிறது என்று கொள்வோம். பதினாறைப் பதினைந்தால் பெருக்கினால் 240. கையால் 1 கிலோ அழுத்தினால் பெரிய முசலம் 240 கிலோ தூக்கும். பாடநூல் இதைப் பொறிமுறை நயம் என்னும். உராய்வு இதில் கொஞ்சத்தைத் தின்னும், அதை விட்டுவிடுவோம்.

நயம் சும்மா கிடைப்பதில்லை. விசையில் 240 மடங்கு பெற்றால் தூரத்தில் 240 மடங்கு இழக்க வேண்டும். கைப்பிடியை 40 சென்ரிமீற்றர் கீழே அழுத்தினால் பெரிய முசலம் எழுவது ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அதனால்தான் ஜெக் அடிப்பவர் கோயில் மணி அடிப்பதுபோல் அடித்துக்கொண்டே இருக்கிறார்.

கிரேனின் கை இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது. கிரேனின் கை, மேலே தூணில் ஓர் அச்சில் ஆடுகிறது. ஜெக் அந்த அச்சுக்குப் பக்கத்தில் முட்டுக் கொடுக்கிறது. கொக்கியோ நான்கு மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆகவே ஜெக் 1 மில்லிமீற்றர் எழுந்தால் கொக்கி 4 மில்லிமீற்றர் எழும். பதிலுக்கு, கொக்கியில் அரைத் தொன் தொங்கினால் ஜெக்கின் தலையில் 2 தொன் உட்காரும். 2 தொன் தூக்கும் கிரேனில் 8 தொன் ஜெக் பூட்டியிருப்பதைப் பார்த்து, கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கைச் செய்தால் அவன் நேர்மையானவன்தான்.

2 தொன் பாரம், 4 சென்ரிமீற்றர் விட்டமுள்ள முசலத்தில். அப்படியானால் உள்ளே எண்ணெயின் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 160 கிலோ. இது எவ்வளவு என்று உணர விக்டோரியா அணைக்கட்டை நினைத்துப் பாருங்கள். 1985இல் திறக்கப்பட்ட அந்த அணையின் உயரம் 122 மீற்றர். அத்தனை ஆழத்துக்கு நீர் நின்றால் அடியில் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 12 கிலோ. பழைய தெல்தெனிய நகரத்தையே விழுங்கிய நீரின் அமுக்கத்தைவிடப் பதின்மூன்று மடங்கு, ஒரு தண்ணீர்ப் போத்தல் அளவு இரும்புக்குள் அடைந்து கிடக்கிறது. வெளியேற ஒரு மயிரிழை வழி கிடைத்தாலும் அது விடாது.

சரி, அந்த வழிகள் எங்கே? ஒரு முறை கைப்பிடியை அழுத்தினால் முசலம் எழுகிறது. மறுபடி அழுத்த வேண்டுமானால் கைப்பிடியை உயர்த்த வேண்டும். உயர்த்தும்போது எண்ணெய் திரும்பி வந்துவிட்டால் பாரமும் திரும்ப இறங்கிவிடும். ஆகவே எண்ணெய் ஒரு பக்கமாக மட்டும் போக வேண்டும். இதற்கு இரண்டு கதவுகள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன உருக்குக் கோலி, கொத்தமல்லி விதையைவிடச் சற்றுப் பெரியது. அது ஒரு துவாரத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கமிருந்து எண்ணெய் தள்ளினால் கோலி எழும்பி வழி விடும். மறுபக்கமிருந்து தள்ளினால் தன் இருக்கையில் இன்னும் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். ஒருவழிக் கதவு என்று சொல்லலாம். பிரவேசச் சீட்டுக் கேட்கும் காவலாளியைவிட ஒழுங்கானது, லஞ்சம் வாங்காது.

முதற் கதவு தொட்டிக்கும் சின்ன உருளைக்கும் நடுவில். ஜெக்கின் வெளித்தோலுக்கும் உள்ளுருளைக்கும் இடையிலுள்ள வெற்றிடம்தான் தொட்டி. கைப்பிடி உயரும்போது இந்தக் கதவு திறந்து எண்ணெய் சின்ன உருளைக்குள் வரும். இதை உள்வாசல் என்போம். அடுத்தது சின்ன உருளைக்கும் பெரிய உருளைக்கும் நடுவில். கைப்பிடி இறங்கும்போது இது திறந்து எண்ணெயைப் பாரத்தின் அடிக்கு அனுப்பும். இதை வெளிவாசல் என்போம். இவை தவிர மூன்றாவது கதவு ஒன்று உண்டு. அது தானாக இயங்காது, நாம் திருகித் திறப்பது. அதைத் தளர்த்தினால் பெரிய உருளையிலிருந்து எண்ணெய் நேரே தொட்டிக்கு ஓடும், பாரம் இறங்கும். அது இறக்கு திருகு.

இப்போது பாஸின் தர்க்கத்துக்கு வருவோம். பாரம் இறங்குகிறது என்றால் பெரிய உருளையை விட்டு எண்ணெய் எங்கோ போகிறது. போகக்கூடிய வழிகள் மூன்றே: பெரிய முசலத்தைச் சுற்றி எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீலைத் தாண்டி மேலே, இறக்கு திருகின் வழியே தொட்டிக்கு, வெளிவாசலின் வழியே பின்னோக்கிச் சின்ன உருளைக்கு.

சீலைத் தாண்டிப் போனால், இவ்வகை ஜெக்கில் பெரும்பாலும் முசலத்தின் கழுத்தில் எண்ணெய் ஈரம் தெரியும். துணியால் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் போதும். இங்கே கழுத்து காய்ந்து கிடந்தது. இறக்கு திருகின் வழியே போனால் எண்ணெய் தொட்டிக்குள் போய்விடும், வெளியே ஒரு தடயமும் இராது, கைப்பிடியும் அசையாது. கைப்பிடிக்கும் இந்த ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வெளிவாசலின் கோலி சரியாக உட்காராவிட்டால், 160 கிலோ அமுக்கம் சின்ன உருளைக்குள் நுழையும். உள்வாசல் சரியாக இருப்பதால் அங்கிருந்து தொட்டிக்குத் தப்ப முடியாது. மிச்சம் ஒரே வழி, சின்ன முசலத்தை மேலே தள்ளுவது. சின்ன முசலம் எழுந்தால் அதோடு பிணைத்த கைப்பிடியும் எழும். ஜெக் திருப்பி ஓடுகிறது: நாம் கைப்பிடியால் எஞ்சினைத் தூக்கினோம், இப்போது எஞ்சின் கைப்பிடியைத் தூக்குகிறது.

எவ்வளவு விசையோடு? 2 தொன்னை 240ஆல் வகுத்தால் 8 கிலோவுக்குச் சற்று மேல். கைப்பிடியின் சொந்த எடையைத் தூக்க அது தாராளம். அதனால்தான் அது எழுந்து நின்றது.

உள்வாசலின் கோலி பழுதானால் அறிகுறி வேறு. கைப்பிடியை அழுத்தினால் தண்ணீரைக் குத்துவதுபோல் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும், பாரம் எழாது. எண்ணெய் வந்த வழியே தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே தூக்கி வைத்த பாரம் அசையாமல் நிற்கும். ஒரே ஜெக்கில் இரண்டு கோலி, இரண்டு முற்றிலும் வேறுபட்ட நடத்தை. இரண்டு கோலியும் சேர்ந்து கெட்டால் மட்டும் குழப்பம்: பாரம் இறங்கும், கைப்பிடி எழாது, இறக்கு திருகின் மேல் பழி விழும். அதனால் அந்தத் திருகை முதலில் நன்றாக இறுக்கிப் பார்ப்பதுதான் முறை. செலவில்லாத சோதனை எப்போதும் முதலில். ஆனால் குறடு போட்டு மூர்க்கமாக இறுக்கக் கூடாது. அந்தத் திருகின் முனை உட்காரும் இடம் நசுங்கினால் பிறகு எப்போதும் ஒழுகும்.

எவ்வளவு சிறிய ஒழுக்கு இதைச் செய்யும்? செக்கனுக்கு ஒரு சொட்டு என்று வையுங்கள். இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர், நிமிடத்தில் மூன்று. அதற்குப் பெரிய முசலம் இரண்டரை மில்லிமீற்றர் அளவு இறங்கும், கொக்கி அதன் நான்கு மடங்கு, ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் இறங்கும். அரை விரற்கடை இறங்க ஒரு நிமிடமே போதும், ஒரு பிளேன்டீ குடித்து முடிவதற்குள் நடந்துவிடும். தரையில் நிறுத்தும் சாதாரண ஜெக்கில் நாலில் ஒரு பங்கே தெரியக்கூடிய ஒழுக்கு, கிரேனில் பூட்டியதும் பெரிதாகிவிடுகிறது. அந்த வகையில் கிரேன் ஒரு நல்ல உருப்பெருக்கி.

இங்கே ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். ஒழுக்கே இல்லாத ஜெக்கும் இரவில் கொஞ்சம் இறங்கும். எண்ணெய் ஒவ்வொரு பாகை செல்சியஸ் குளிருக்கும் தன் கனவளவில் பத்தாயிரத்தில் ஏழு பங்கு அளவு சுருங்குகிறது. பகலில் அடித்து உயர்த்திய 30 சென்ரிமீற்றர் எண்ணெய்த் தூண், ராத்திரி மலைக்காற்றில் பத்துப் பாகை குளிர்ந்தால் 2 மில்லிமீற்றர் குட்டையாகும். கொக்கியில் 8 மில்லிமீற்றர். அதைப் பார்த்து நல்ல சீலைக் கழற்றி எறிந்தவர்கள் இருக்கக்கூடும். ஒழுக்கா, குளிரா என்று அறிவதும் எளிது: சீலிலோ இறக்கு திருகிலோ வரும் ஒழுக்கு நிற்காது, குளிர்ச்சியால் வரும் இறக்கம் விடிந்ததும் நின்றுவிடும். (பாரத்தை இரவில் தொங்கவிட்டுப் போவது வேறு ஒரு தப்பு.)

சீலைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதன் அழகைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பஸ்கால் எழுதி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அவருடைய யோசனை பட்டறைக்கு வரவில்லை. முசலத்துக்கும் உருளைக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் தடை. தளர்வாக விட்டால் நீர் பீச்சியடிக்கும். சணலைத் திணித்து இறுக்கினால் முசலமே நகராது. பூட்டுத் தயாரிப்பில் பெயர் பெற்ற ஜோசப் பிரமா 1795இல் லண்டனில் நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். அது உண்மையில் வேலை செய்தது அவருடைய பட்டறையில் இருந்த ஹென்றி மோட்ஸ்லி செய்த ஒரு தோல் கிண்ணத்தால் என்று பொறியியல் வரலாறு சொல்கிறது. கிண்ணத்தின் வாய் அமுக்கம் வரும் பக்கம் பார்த்திருக்கும். அமுக்கம் ஏறினால் நீரே கிண்ணத்தின் உதட்டை விரித்து உருளைச் சுவரோடு ஒட்டவைக்கும். எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு இறுக்கம், தள்ளாதபோது தளர்வு. திருடன் தள்ளும் பலத்தையே தாழ்ப்பாளாக மாற்றும் கதவு. இன்றைய ரப்பர்ச் சீலும் அதே கிண்ணம்தான். புதுச் சீலை யாராவது தலைகீழாகப் போட்டுவிட்டால் ஜெக் வேலை செய்யாததன் காரணமும் அதுதான். நியூயோர்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் 1851இல் காப்புரிமை பெற்ற கைக்கு அடக்கமான ஜெக் இந்தக் குடும்பத்தின் பிள்ளை.

அடுத்த வியாதி காற்று. திரவம் அமுங்காது என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். அப்படியே நெடுங்காலம் நம்பினார்கள். நீரும் கொஞ்சம் அமுங்கும் என்று ஜோன் கேன்ரன் 1762இல் சோதனையால் காட்டினார். நம்முடைய 160 கிலோ அமுக்கத்தில் எண்ணெய் நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். பொருட்படுத்த வேண்டியதில்லை. காற்றோ நூற்றறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சின்ன உருளையின் கொள்ளளவு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அதில் பாதியைக் காற்று பிடித்துக்கொண்டால், கைப்பிடியின் பாதி ஓட்டம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும். உயர்த்தும்போது அமுங்கிய காற்று மறுபடி விரிந்து இடத்தை நிரப்பும், புது எண்ணெய் வராது. அடிக்கிற கைக்குப் பஞ்சு மூட்டையைக் குத்துவதுபோல் இருக்கும்.

மருந்து எளிது. பாரத்தை முழுவதும் இறக்கி, இறக்கு திருகைத் தளர்த்தி, கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை வேகமாக அடிக்க வேண்டும். எண்ணெயும் காற்றும் வட்டமடித்துத் தொட்டிக்குத் திரும்பும். காற்று மேலே போய்ச் சேரும். பிறகு எண்ணெய் ஊற்றும் அடைப்பைக் கொஞ்சம் தளர்த்தி மூச்சு விடவைத்து மூடலாம். ஜெக்கைப் படுக்கவைத்துக் கொண்டுபோனபின் இப்படி ஆவது வழக்கம். எண்ணெய் குறைந்தாலும் இதே பஞ்சுத்தனம் வரும், அல்லது முக்கால் உயரத்தில் முசலம் நின்றுவிடும். முசலத்தை முழுதாக இறக்கிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். உயர்த்தி வைத்து நிரப்பியவர்கள், இறக்கும்போது எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் முகத்தில் பீச்சக் கண்டிருக்கிறார்கள்.

எந்த எண்ணெய்? இந்தக் கேள்வியில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன், ஏனென்றால் இங்கேதான் நல்ல ஜெக்குகள் சாகின்றன. கராஜில் கைக்கு எட்டிய தூரத்தில் எப்போதும் பிரேக் ஒயில் இருக்கும். ‘அதுவும் அமுக்கத்துக்குத்தானே’ என்று ஊற்றிவிடுவார்கள். பிரேக் ஒயில் பெரும்பாலும் கிளைக்கோல் வகை. ஜெக்கின் சீலோ பெட்ரோலிய எண்ணெய்க்கென்று செய்த ரப்பர். பிரேக் ஒயில் பட்டால் அது ஊறி, உப்பி, உதிரும். இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்து: ஜெக் எண்ணெய் தவறிப் பிரேக்குக்குள் போனால் அங்குள்ள ரப்பர் உப்பும், பதினெட்டு வளைவில் அதன் பலனைக் காணலாம்.

எஞ்சின் ஒயில் சீலைக் கெடுக்காது, ஆனால் அதன் பிசுக்குமை கூட. பிசுக்குமை என்பது ஓடத் தயங்கும் குணம்: தேனுக்கு அதிகம், மண்ணெண்ணெய்க்குக் குறைவு. ஹைட்ரோலிக் ஒயில் டப்பாவில் 22, 32, 46 என்று எழுதியிருப்பது 40 பாகை செல்சியஸில் அந்த எண்ணெயின் பிசுக்குமை. லொறிக்கு ஊற்றும் எஞ்சின் ஒயிலுக்கு அதே சூட்டில் அது நூறைத் தாண்டும். மலைநாட்டுக் காலைக் குளிரில் இன்னும் தடிக்கும். கைப்பிடி உயரும்போது எண்ணெய் உள்வாசலுக்குள் ஓடி வர நேரமெடுக்கும், கோலியும் சோம்பலாக உட்காரும். ஜெக்குக்கு 22 அல்லது 32 போதும். தயாரிப்பாளர் சொன்ன எண் தெரிந்தால் அதுவே முடிவு.

இனி, முன்பு கடன் வைத்த நீர். நக்கிள்ஸ் பக்கத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழையில்லாத நாளிலும் மூடுபனி கராஜுக்குள் வந்து உட்காரும். தொட்டிக்குள் எண்ணெய் ஏறி இறங்கும்போது ஜெக்கும் மூச்சு விடுகிறது. அந்த ஈரக்காற்று இரவில் குளிர்ந்து உள்ளே வியர்க்கும். எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் கலங்கியிருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அதை முழுவதும் வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். உயர்த்தியபடி விட்ட முசலத்தின் பளபளப்பான தண்டிலும் ஈரம் படிந்து துருப்புள்ளி வரும். அந்தப் புள்ளி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தேங்காய்த் துருவலகாகச் சீலைச் சீவும். வேலை முடிந்ததும் முசலத்தை முழுக்க இறக்கி எண்ணெய்க்குள் மூழ்க வைப்பதைவிட மலிவான பராமரிப்பு கிடையாது. ஆனால் நான் பார்த்த கராஜ்களில் பாதிக்கு மேல் கிரேனைக் கை தூக்கிய கோலத்தில்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கிரேனின் கையில் சில துவாரங்களும் பக்கத்தில் 2 தொன், 1½, 1, ½ என்ற எண்களும் இருக்கும். கையை நீட்ட நீட்டத் தூக்கும் அளவு குறைகிறது. நெம்புகோல் கணக்கால் மட்டும் இவ்வளவு குறையாது. கையின் நீளம் இரண்டு மடங்குகூட ஆவதில்லை, பாரமோ நாலில் ஒன்றாகிறது. மிச்சக் குறைப்புக்குக் காரணம் ஜெக் இல்லை. நீட்டிய கை வளையும், கிரேன் முன்னோக்கிக் கவிழும். ஜெக்குக்குப் பலம் மீதியிருக்கிறதே என்று அந்த எண்ணைத் தாண்டுபவர், ஜெக்கோடு பேசிக்கொண்டு இரும்போடு சண்டை போடுகிறார். ஜெக்குக்குள் பாரம் மிஞ்சினால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும் ஒரு காப்பு வால்வும் உண்டு. அதன் திருகை முத்திரையிட்டு அனுப்புவது காரணமாகத்தான்.

வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணைக்கு மேல் பிரிட்டானியா பாலம் கட்டியபோது, 1849இல், ஆயிரம் தொன்னைத் தாண்டிய இரும்புக் குழாய்களை நீரியல் அழுத்திகளால் தூக்கினார்கள். பொறியாளர் ரொபர்ட் ஸ்டீவன்சன் ஒரு பிடிவாதம் பிடித்தார்: குழாய் எழ எழ அதன் கீழே விடாமல் முட்டுக் கட்டிக்கொண்டே வர வேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அழுத்தியின் அடிப்பகுதி வெடித்தது. குழாய் விழுந்தது சில அங்குலம்; முட்டு தாங்கியது. ஜெக்கின் வேலை தூக்குவது மட்டும். தாங்குவது கட்டையின் வேலை, முட்டின் வேலை. தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கை நீட்டி நட்டுக் கழற்றுகிறவரைக் கண்டால் சண்டை போட்டாவது இழுத்து விடுங்கள்.

பாஸ் அப்படித்தான் செய்தார். முதலில் எஞ்சினை மரக்கட்டைகளில் இறக்கினார். ஜெக்கைக் கழற்றி, வெட்டிய தண்ணீர்ப் போத்தலில் எண்ணெயை வடித்தார். அடியிலிருந்த அடைப்பைத் திருக, ஒரு சின்னச் சுருள்வில்லும் அதன் பின்னால் கோலியும் வந்தன. கோலி பளபளவென்று இருந்தது. இருக்கையின் விளிம்பைத் துணியால் துடைத்து, டோர்ச்சை அடித்து, என்னையும் பார்க்கச் சொன்னார். தலைமயிரின் நுனியளவு ஓர் இரும்புச் சிராய் அங்கே ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, கோலியை இருக்கையில் வைத்து, பித்தளைத் தண்டால் ஒரே ஒரு தட்டு, மெதுவாக. விளிம்பு கோலியின் வளைவுக்கு இணங்குவதற்கு. பிறகு அந்தக் கோலியை வீசிவிட்டு அதே அளவில் புதியதொன்றைப் போட்டார். எண்ணெயையும் மாற்றினார். சீலைத் தொடவே இல்லை.

மறுபடி எஞ்சினைத் தூக்கி, முசலத்தில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு இழுத்து, இன்னொரு பிளேன்டீக்கு ஆளனுப்பினார். குடித்து முடிந்தும் கோடு அங்கேயே இருந்தது.

உங்கள் ஜெக் இறங்கினால் சீல் வாங்கக் கடைக்கு ஓடுமுன் கழுத்தைத் துடையுங்கள், இறக்கு திருகை இறுக்குங்கள், பிறகு கைப்பிடியைக் கீழே அழுத்தி விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பார்க்கும்போது ஓரெட்டுத் தள்ளியே நில்லுங்கள். எழுந்தால் அது எட்டுக் கிலோ விசையோடு எழும், முகத்தின் உயரத்துக்கு.